எங்கள் டீமின் இரண்டாவது ஓட்டுநர்

1. வேகம் என் தப்பு

முப்பத்தொரு வருடம் ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்த்திருக்கிறேன். என் வேலையில் ஒரு வண்டி வேகமாகப் போனால் அது என் தப்பு. கிடங்கில் யாராவது ரேக்கை இடித்தால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "மணியம், லிமிட் எவ்வளவு வெச்சே?" என்பார்கள். எட்டு என்பேன். மணிக்கு எட்டு கிலோமீட்டர். வேகத்தை வைக்கிற ஹேண்ட்செட்டை வண்டியில் செருகிக் காட்டுவேன். அதோடு பேச்சு முடியும்.

பட்டறைக்குப் புதிதாக வந்தவர்கள் அந்த ரேஸ் கதையை எழுதித் தரச் சொன்னார்கள். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என் முதலாளி பெயர் குணா. கிள்ளானில் பட்டறை. போர்ட் கிள்ளான் கிடங்குகளுக்கு பேட்டரியில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வாடகைக்கு விடுகிறார். நல்ல மனிதர். குரல் பெரிது. உடம்பு அதைவிடப் பெரிது. அவர் காலையில் எல்லோருக்கும் நாசி லெமாக் சோறு வாங்கி வந்தால் ஏதோ கெட்ட செய்தி இருக்கிறது என்று அர்த்தம். அன்று ஆளுக்கு இரண்டு பொட்டலம் வாங்கி வந்தார்.

"அண்ணே, நாம ரேஸ்ல இறங்குறோம்."

"என்ன ரேஸ்?"

"கோ-கார்ட் லா. எலெக்ட்ரிக். புது சீரிஸ் ஒண்ணு ஆரம்பிக்கிறாங்க. பன்னெண்டு டீம். எல்லாம் பேட்டரி வண்டி. பேட்டரின்னா இந்தக் கிள்ளான்ல யாரு?"

நான் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்கதான் அண்ணே. நீங்கதான் சீஃப் மெக்கானிக்."

"மத்த மெக்கானிக் யாரு?"

"வேற யாரும் இல்ல. நீங்க மட்டும்தான்."

"அப்புறம் சீஃப் எதுக்கு?"

"சட்டையில போடணும்ல."

அடுத்த வாரம் சட்டை வந்துவிட்டது. வண்டி வர ஒரு மாதம் ஆனது.

2. பேட்டரியைப் பின்னால் வைத்தேன்

வண்டி மரப்பெட்டியில் வந்தது. பிரித்துப் பார்த்தேன். நான்கு சக்கரம், ஒரு சீட், ஒரு மோட்டார், ஒரு பேட்டரி. அவ்வளவுதான். கூரை இல்லை. ஹாரன் இல்லை. உட்கார்ந்தால் தரைக்கும் நமக்கும் நான்கு விரல் இடைவெளி. இது வண்டியா டிரேயா என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை.

ஃபோர்க்லிஃப்டில் பேட்டரிக்கு இரண்டு வேலை. வண்டியை ஓட்டவேண்டும். முன்னால் தூக்கும் சுமைக்குச் சமமாகப் பின்னால் பாரமாக உட்காரவேண்டும். இல்லாவிட்டால் வண்டி குப்புற விழும். இந்தக் கார்ட்டில் பேட்டரியை மாட்ட மூன்று இடம் கொடுத்திருந்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. கடைசிக்குத் தள்ளி போல்ட் போட்டேன். இறுக்கி முடித்ததும் மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

எங்கள் முதல் ஓட்டுநர் ரிஷி. பிரிக்ஃபீல்ட்ஸ் பையன், இருபத்திரண்டு வயது. சின்ன வயதிலிருந்து பெட்ரோல் கார்ட் ஓட்டிக் கோப்பை வாங்கியவன். பாஸ் அவனைப் பிடித்துப் போட்டதே பெரிய விஷயம். அவன் வண்டியை எடுத்து இரண்டு சுற்றுப் போனான். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அங்கிள், நான் ஸ்டீரிங்கத் திருப்புறேன். வண்டி சரி சரி அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டு நேரா போகுது."

"முன்னால வெயிட் இல்ல" என்றேன்.

"அதான் ஏன் இல்ல?"

"முன்னால சுமை வரும்னு வெச்சேன்."

"என்ன சுமை அங்கிள்?"

 கிடங்கில் சரக்கு அடுக்குகிற பேலட் என்று எப்படிச் சொல்வது?

ரிஷிக்கு மெதுவாகப் புரிந்தது. புல்லில் உட்கார்ந்தான். பிறகு படுத்துவிட்டான். சிரிப்பில் அவனுக்கு மூச்சு வரவில்லை. பாஸ் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் கடைசியில் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தேன். நடுவில் மாற்றி மாட்டினேன். வண்டி திரும்பியது.

3. லைன்-அப்

இந்த சீரிஸில் ஒரு சட்டம். ஒவ்வொரு டீமும் இரண்டு ஓட்டுநரின் பெயர் கொடுக்கவேண்டும். ஒருவர் ரேஸ் லைசன்ஸ் உள்ளவர். மற்றவர் இதுவரை எந்த ரேஸிலும் ஓட்டாதவர். ஒரே பேட்டரியில் ஆளுக்குப் பாதி ஓட்டவேண்டும். முதல் ஆள் எவ்வளவு முந்தினாலும், இரண்டாவது ஆள் சரியில்லை என்றால் எல்லாம் போச்சு.

சீசனுக்கு முன்னால் ஒரு டெஸ்ட் நாள். அன்று மாலை ஐந்து மணிக்குள் லிஸ்ட் கொடுக்கவேண்டும். கொடுத்த பிறகு அந்த சீசன் முழுக்க மாற்ற முடியாது.

ஆகவே மாமாக் சாப்பாட்டுக் கடைகளில் இரண்டாவது ஓட்டுநர் பேச்சுதான். ரவாங் டீம் ஒரு தொழிற்சாலை மெஷின் ஆப்பரேட்டரைக் கொண்டுவந்தது. கை அசையாத மனிதர், கண் சிமிட்டுவதுகூடக் குறைவு என்றார்கள். பந்திங் டீமில் ஒரு பஸ் டிரைவர். செம்பனைத் தோட்டத்துப் பாதையில் வருடக்கணக்காக ஓட்டியவர். குலுக்கலைப் பற்றி அவரிடம் யாரும் பேச முடியாது. இன்னொரு டீமில் பல் டாக்டர். மற்றொன்றில் ரேடியோ அறிவிப்பாளர், ஹெல்மெட் போட்டாலும் பேசிக்கொண்டே இருந்தார். எந்த டீமுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஆளாளுக்கு வரிசை போட்டார்கள். எல்லா வரிசையிலும் நாங்கள் கடைசி.

எங்கள் இரண்டாவது ஓட்டுநர் பாஸ்தான். அதுதான் காரணம்.

யாரையும் கேட்காமல் அவரே முடிவு செய்துவிட்டார். ரேஸ் சூட்டும் வாங்கிவிட்டார். சிவப்பு. ஜிப் வயிற்றோடு நின்றுவிட்டது. மேலே ஏறவில்லை. மீதியை நான் ஒயரிங் டேப் போட்டு ஒட்டினேன்.

"எப்படி இருக்கு அண்ணே?"

"ஒட்டியிருக்கு" என்றேன்.

4. மணிக்கு எட்டு

ஜெயா போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ரீச் டிரக் ஓட்டுகிறார். உயரமான ரேக்கிலிருந்து பேலட் எடுக்கும் வண்டி அது. பதினாறு வருடமாக அதே வேலை. இரண்டு பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறார்கள். ஜெயாவிடம் கார் லைசன்ஸ் கிடையாது. ஃபோர்க்லிஃப்ட் சான்றிதழ் மட்டும் உண்டு. அவர் வண்டிக்கு சர்வீஸ் செய்பவன் நான்.

ஒரு நாள் பேனலைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, பாஸ் ரேஸுக்கு ஆள் எடுக்கிறாராமே?"

"யார் சொன்னா?"

"போர்ட் கிள்ளான் முழுக்கத் தெரியும்."

"ஆள் எடுக்கல. பாஸே ஓட்டுறார்."

"அந்தச் சின்ன வண்டிக்குள்ள நுழைவாரா?"

"நுழையுறார். வெளிய வரத்தான் ரெண்டு பேர் வேணும்."

ஜெயா பேலட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"நான் கேட்டுப் பாக்கட்டா அண்ணே?"

"உனக்கு எதுக்கும்மா?"

"பதினாறு வருஷம். மணிக்கு எட்டு. நீங்கதான் பூட்டி வெச்சீங்க. வேலைக்கு வர்றது கம்பெனி வேன்ல. கோயிலுக்குப் போறது மச்சான் கார்ல. என் கையால ஓட்டி எட்டுக்கு மேல போனதே இல்ல. ஒரு தடவை வேகமா போய் பாக்கணும். அவ்வளவுதான்."

பேனலை மூடினேன்.

"பாஸ்கிட்ட சொல்றேன்" என்றேன்.

சொன்னேன். பாஸ் நெற்றியைத் தேய்த்தார்.

"ஜெயாவா? நல்ல பொண்ணு லா. ஒரு ரேக்கைக்கூட இடிச்சதில்ல. ஆனா அண்ணே, நான் சூட் வாங்கிட்டேனே."

நான் ஒன்றும் பேசாமல் நின்றேன். சில நேரம் அதுவே போதும்.

"சரி. நியாயமா செய்வோம். டெஸ்ட் நாள்ல ரெண்டு பேருக்கும் அஞ்சு லேப். அதே வண்டி. யாரோட லேப் பெஸ்டோ அவருக்கு சீட். நான் தோத்தா சூட்டை வீட்டுல போட்டுக்கிறேன்."

5. டெஸ்ட் நாள்

போர்ட் கிள்ளான் போகிற சாலையோரம் ஒரு காலி லோரி யார்டில் தடம் போட்டிருந்தார்கள். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்புகள். பன்னிரண்டு டெண்ட். நல்ல வெயில். மின்சார கார்ட் ஓடினால் டயர் சத்தமும் மோட்டாரின் மெல்லிய விசிலும்தான் கேட்கும். ஓட்டுகிறவர் தும்மினால்கூடக் கேட்டுவிடும். ரேடியோ அறிவிப்பாளர் ஓட்டியபோது அது நன்றாகத் தெரிந்தது.

காலை முழுக்க ரிஷி ஓட்டினான். சுற்றுக்கு ஐம்பத்தெட்டு விநாடி. டெண்டுகளில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

மதியத்துக்கு மேல் பாஸ் இறங்கினார். முதல் வளைவிலேயே தடுப்பில் மோதினார். தடுப்பிலிருந்து தண்ணீர் கொட்டியது. "நான் ஓக்கே! நான் ஓக்கே!" என்று கத்தினார். யாரும் கேட்கவில்லை. பிறகு கொஞ்சம் பழகிவிட்டார். கடைசி லேப் ஒரு நிமிடம் எட்டு விநாடி. அந்த உடம்புக்கு அது நல்ல நேரம். நானும் ரிஷியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். வெளியே வந்தவர் நின்ற இடத்திலேயே ஆடினார். டேப் பிய்ந்துவிட்டது. மறுபடி ஒட்டினேன்.

முதல் பேட்டரி இறங்கிவிட்டது. இரண்டாவதை மாற்றி மாட்டினேன். டெர்மினலை இறுக்கினேன். ஹேண்ட்செட் செருகி செக் பண்ணினேன். ஜெயாவைக் கூப்பிட்டேன்.

ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். ரிஷியின் பழைய சூட்டைப் போட்டிருந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி நான்கு டயரையும் தட்டிப் பார்த்தார். கிடங்கில் அப்படித்தான் செய்யவேண்டும். பிறகு ஏறுவதற்குக் கம்பியைத் தேடி மேலே கையை நீட்டினார். கம்பி இல்லை. காற்றைப் பிடித்தார்.

"ஆன்டி, பிரேக் இடது கால்" என்றான் ரிஷி.

"ஆன்டி உங்க வீட்டுல இருப்பாங்க. இங்க அக்கா."

"ஓக்கே அக்கா. சாரி அக்கா."

"முயல் பட்டன் எங்கடா?"

"என்ன முயல்?"

"ஒண்ணுமில்ல, விடு. இந்த வண்டியில பட்டனே இல்ல போல."

போனார்.

பந்திங் பஸ் டிரைவர் அவரைத் தாண்டிப் போனார். பல் டாக்டர் தாண்டினார். ரேடியோக்காரர் தாண்டிக்கொண்டே ஏதோ பேசினார். பஸ் டிரைவர் மறுபடி வந்து மறுபடி தாண்டினார். இந்த முறை கையாட்டினார். ஜெயாவும் கையாட்டினார். மறைவான வளைவு வரும்போதெல்லாம் ஜெயா வாயாலேயே ஹாரன் அடித்தார். "பாம்! பாம்!" கிடங்கில் ரேக் முனை வந்தால் ஹாரன் அடிக்காமல் திரும்பக்கூடாது. வண்டியில் ஹாரன் இல்லை, அதனால் வாய். யார்டு முழுக்கக் கேட்டது. எல்லா டெண்டிலும் சிரித்தார்கள்.

ஐந்து லேப். அதில் நல்லது ஒரு நிமிடம் முப்பத்தெட்டு விநாடி. பாஸைவிட அரை நிமிடம் அதிகம்.

பாஸ் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. ஆனால் முகம் தேங்காய் உடைத்த மாதிரி விரிந்திருந்தது. லிஸ்ட் வாங்குகிற பெண்ணிடம் பேனா கேட்டார். அந்தப் பெண் பெயர் ஃபரா. கையில் அட்டையும் கழுத்தில் விசிலும் வைத்துக்கொண்டு டெண்ட் டெண்டாகப் போய்க்கொண்டிருந்தார்.

ஜெயா வந்து நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வியர்வை. கண்ணில் தண்ணீர். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! பறந்துட்டேன் அண்ணே! காத்து எப்படி அடிக்குது! வயிறு பின்னாடி போயிடுச்சு! சீட் கிடைக்கலன்னா பரவாயில்ல லா. எவ்வளவு வேகம் போனேன்? சொல்லுங்க அண்ணே!"

ஹேண்ட்செட்டைச் செருகினேன். முப்பது என்று காட்டியது. ரிஷி எழுபதைத் தொட்டவன். முப்பதுக்கு மேல் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. யாரோ வெட்டிவிட்ட மாதிரி நின்றிருந்தது.

திரையின் ஓரத்தில் சின்னதாக ஓர் ஆமை.

6. ஆமை

இதை விளக்கவேண்டும். ஃபோர்க்லிஃப்டில் இரண்டு பட்டன் உண்டு. ஒன்றில் ஆமைப் படம், ஒன்றில் முயல் படம். ஆமை மெதுவாகப் போக. முயல் முழு வேகம். பட்டறையில் ஒரு வழக்கம். பேட்டரி மாற்றினாலும் சரி, ஒரு திருகை இறுக்கினாலும் சரி, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆமையில் வைத்துத்தான் கொடுக்கவேண்டும். ஓட்டுகிறவர் ஏறி, பிரேக்கைச் சோதித்துவிட்டு, அவரே முயலை அமுக்கிக்கொள்வார். யாரும் யாரிடமும் சொல்லமாட்டோம். எல்லோருக்கும் தெரியும்.

கார்ட்டில் அந்த பட்டன் இல்லை. ஹேண்ட்செட்டில்தான் மாற்ற முடியும். ஹேண்ட்செட் என் கையில். பேட்டரி மாற்றினேன், ஆமையில் வைத்தேன், கொடுத்தேன். முப்பத்தொரு வருடமாகச் செய்ததைக் கை தானாகச் செய்துவிட்டது.

மணி நாலரை.

என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பாஸ் பேனாவோடு சந்தோஷமாக இருக்கிறார். ஜெயா அவரைவிடச் சந்தோஷமாக இருக்கிறார். நான் ஹேண்ட்செட்டைப் பிடுங்கிப் பையில் போட்டால் போதும். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை.

ஜெயா ரிஷியிடம் காற்றைப் பற்றி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். கையை அகல விரித்துக் காட்டினார். பாஸ் அட்டையில் முதல் எழுத்தை எழுதிவிட்டார்.

"பாஸ், நிறுத்துங்க."

நான் அந்தக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எல்லோரும் திரும்பினார்கள்.

"வண்டி ஆமையில இருந்துச்சு. நான்தான் வெச்சேன். என் தப்பு."

ரிஷிக்குப் புரியவில்லை. பாஸுக்குப் புரிந்தது. ஜெயாவுக்கும் புரிந்தது. அவர் விரித்த கையை மடக்கவில்லை.

"ஆமையா அண்ணே?"

"ஆமாம்மா."

"அப்போ முயல் இருக்கா?"

"இருக்கு."

"இப்ப போனதுக்கு மேலயா?"

"ரெண்டு மடங்குக்கு மேல."

ஜெயா என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.  ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பாஸ் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணே, ஆளுக்கு அஞ்சு லேப்னுதானே பேச்சு? ஜெயா ஓட்டியாச்சு."

"அதே வண்டின்னும் பேச்சு பாஸ்."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே லா."

"தெரிஞ்சிருக்காது."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

சீட்டில் உட்கார்ந்திருந்த ஜெயாவைக் காட்டினேன். 

"ஜெயா இன்னும் வேகமா போகவே இல்ல பாஸ். போயிட்டதா நெனச்சுக்கிட்டு நிக்குது."

பாஸ் பெரிய மூச்சாக விட்டார். டேப் மறுபடி பிய்ந்தது. இந்த முறை ஒட்டச் சொல்லவில்லை.

"ரிஷி, உனக்கு யார்கூட ஓட்டணும்? பயப்படாம சொல்லு."

"பயமாதான் இருக்கு பாஸ். ரெண்டு பேர்கிட்டயும்."

"தொலையட்டும். முயல்ல போடுங்க அண்ணே."

ஃபரா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பாக்சிக், ஐந்துக்குத் தடத்தை மூடிடுவோம். பேட்டரி மாற்ற நேரம் இல்லை" என்று மலாயில் சொன்னார். பாக்சிக் என்றால் மாமா.

"மாத்த வேணாம்" என்றேன். ஆமையில் ஓடிய வண்டி. பேட்டரி கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

ஹேண்ட்செட்டில் முயலை வைத்தேன். ஜெயாவுக்கும் காட்டினேன். தலையாட்டினார்.

7. ஐந்து லேப்

பெடலை மிதித்ததும் ஜெயாவின் தலை பின்னால் போனது. அதற்குப் பிறகு வந்த சத்தத்தை எழுத முடியாது. "அய்யய்யய்யய்யோ" என்று ஆரம்பித்தது. நேர் பாதை முழுக்க நிற்கவே இல்லை. பெட்ரோல் வண்டியாக இருந்தால் இன்ஜின் சத்தத்தில் அமுங்கியிருக்கும். இங்கே பன்னிரண்டு டெண்டுக்கும் கேட்டது. வேலையை விட்டுவிட்டு எல்லோரும் தடுப்பு ஓரம் வந்து நின்றார்கள்.

ரீச் டிரக் பின்சக்கரத்தில் திரும்பும். கார்ட் முன்சக்கரத்தில் திரும்பும். மெதுவாகப் போனபோது அது தெரியவில்லை. இப்போது தெரிந்தது. இரண்டாவது வளைவில் வண்டி சுழன்று வந்த பக்கம் பார்த்து நின்றது. ஜெயா கையை உயர்த்தினார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். தோளுக்கு மேல் பின்னால் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ரிவர்ஸ் எடுத்தார். கிடங்குச் சட்டம்.

"அக்கா, அங்க யாரும் இல்ல! போங்க!" என்று ரிஷி கத்தினான்.

முதல் லேப் ஒரு நிமிடம் நாற்பது. ஆமையைவிட மோசம்.

 பாஸ் பேனாவை மூடவில்லை.

இரண்டாவது லேப் ஒரு நிமிடம் பதினேழு. "பாம்! பாம்!" கேட்டது. நடுநடுவே "முருகா!" கேட்டது. ரவாங் டீமின் மெஷின் ஆப்பரேட்டர் சிரித்தார். அவர் சிரித்து அவர் டீம்காரர்களே பார்த்ததில்லையாம்.

மூன்றாவது ஒரு நிமிடம் பன்னிரண்டு. நான்காவது ஒரு நிமிடம் ஒன்பது.

"ஒரு செகண்டுதான்" என்றான் ரிஷி. அவன் என் தோளைப் பிடித்திருந்தான். வலித்தது. நான் எடுக்கச் சொல்லவில்லை.

ஐந்தாவது லேப். கத்தல் நின்றுவிட்டது.

எனக்குப் பயம் வந்தது. அடிபட்டுவிட்டதோ என்று நினைத்தேன். தடுப்புக்கு மேலே ஹெல்மெட் மட்டும் தெரிந்தது. நகர்ந்துகொண்டிருந்தது. பாம் இல்லை. முருகா இல்லை. டயர் சத்தமும் விசிலும் மட்டும். ஜெயா ஓட்டிக்கொண்டிருந்தார். ரேக்கின் ஐந்தாவது மாடியிலிருந்து கண்ணாடிச் சாமான் பேலட்டை இறக்கும்போது அவர் அப்படித்தான் இருப்பார். பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் காதில் விழாது.

கோட்டைத் தாண்டினார். போர்டில் எண் மாறியது.

ஒரு நிமிடம் ஆறு.

பன்னிரண்டு டெண்டும் கத்தியது. பந்திங் பஸ் டிரைவர் தகர டின்னில் தட்டினார். ரிஷி என்னைத் தூக்கிவிட்டான். அறுபத்து மூன்று வயதில் என்னை ஒருவன் தூக்கியது அதுதான் முதல் தடவை. "இறக்கு" என்றேன். இறக்கவில்லை. பிறகு நானும் கத்தினேன் என்று ரிஷி சொல்கிறான். எனக்கு ஞாபகமில்லை.

பாஸ் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அட்டையை எடுத்தார். எழுதிய எழுத்தை அடித்தார். ஜெயாவின் பெயரைப் பெரிதாக எழுதினார். மணி நாலு ஐம்பத்துநான்கு. கீழே ரிசர்வ் ஓட்டுநர் என்று ஒரு கோடு இருந்தது. அதில் தன் பெயரை எழுதினார்.

"ரிசர்வுக்கும் சூட் போடணும்தானே?" என்று ஃபராவிடம் கேட்டார்.

"வாஜிப், பாஸ்" என்றார் ஃபரா. கட்டாயம் என்று அர்த்தம். அந்தப் பெண்ணும் சிரிப்பை அடக்க முடியாமல்தான் நின்றார்.

ஜெயாவால் எழுந்திருக்க முடியவில்லை.  இந்த முறை அவரை இரண்டு பேர் பிடித்துத் தூக்கினோம். டயர் அடுக்கில் உட்காரவைத்தோம். ரிஷி தண்ணீர் கொடுத்தான். பாதியைக் குடித்தார். மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

"என்னம்மா?" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அண்ணே, நாளைக்குக் காலையில எனக்கு ஷிஃப்ட் இருக்கு. எட்டுல எப்படி அண்ணே ஓட்டுறது?"

பாஸ் சிரித்த சிரிப்பில் மீதி இருந்த ஜிப்பும் போய்விட்டது.

8. அதற்குப் பிறகு

முதல் ரேஸில் ரிஷி மூன்றாவதாக வந்து ஜெயாவிடம் வண்டியைக் கொடுத்தான். ஜெயா ஆறாவதாக முடித்தார். வண்டியை நிறுத்திவிட்டு வந்தபோது பேட்டரியில் கால்வாசி மிச்சம் இருந்தது.

"ஏன் மிச்சம் வெச்சீங்க?" என்று பாஸ் கேட்டார்.

ஜெயா வாயில் கையை வைத்தார். "அடுத்த ஷிஃப்ட்டுக்கு விட்டு வெச்சுட்டேன் பாஸ்."

கிடங்கில் அப்படித்தான். சார்ஜை ஒட்டக் காலி பண்ணிவிட்டுப் போனால் அடுத்து வருகிற ஆள் திட்டுவார். பாஸ் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாவது ரேஸில் ஜெயா ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. நான்காவதாகக் கோட்டைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தோம். சிரித்துக்கொண்டேதான் தள்ளினோம். மாமாக் கடை வரிசையில் நாங்கள் இப்போது கடைசி இல்லை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். வேகத்தைக் குறைத்து வைப்பது தப்பில்லை. கிடங்கில் அது ஆளைக் காப்பாற்றும். ஆனால் குறைத்து வைத்தால், ஓட்டுகிறவரிடம் வாயைத் திறந்து சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால் அவர் அதுதான் முழு வேகம் என்று நினைத்துக்கொள்வார். சந்தோஷமாகவும் இருப்பார். உங்களிடம் வந்து நன்றிகூடச் சொல்வார். அதை நின்று கேட்டுப் பாருங்கள். என்னால் ஐந்து நிமிடம்கூட முடியவில்லை.